மூடிய கடையில் முனிக்கு வைத்த கள்

எங்கள் கடை பிரிக்பீல்ட்ஸில் ரயில் பட்டறைக்குப் பின்னால் இருந்தது. கள்ளுக்கடைதான். அதைச் சொல்ல எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. மாமனார் எடுத்த லைசென்சு, அவர் போன பிறகு என் வீட்டுக்காரர் கைக்கு வந்தது. அவர் முன்னால் நின்று ஊற்றுவார். நான் பின்கட்டில் கள் குடிக்கிற மங்குக் கிண்ணங்களைக் கழுவுவேன், கருவாடு வறுப்பேன், சுண்டல் செய்வேன். எங்கள் கள்ளில் தண்ணீர் இருக்கிறது என்று ஒருத்தன் வாய் திறந்து சொன்னதில்லை. பட்டறைச் சங்கு ஊதியதும் கரி படிந்த கையோடு வந்து நிற்பார்கள்.

கடைக்குப் பின்னால் வேலியோரம் முனியாண்டி இருந்தார். ஒரு கல், ஒரு சூலம், மேலே தகரம், அவ்வளவுதான். ஆற்றோரத் தென்னைகளில் எங்கள் மரமேறி இறக்கி வரும் கள்ளில் முதல் மங்கு அவருக்கு. அப்புறம்தான் மனுஷனுக்கு. முனிக்கு வைத்து எடுத்ததைக் கீழே கொட்டமாட்டோம். யார் வந்து கேட்டாலும் கொடுத்துவிடுவோம். கோயில் சோறு மாதிரிதான் அது. இல்லை என்று சொல்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் இல்லை.

அந்த வருஷம் மழை விட்டதும் ரயில் கூலிகள் குடியிருந்த லயத்தில் வாந்திபேதி வந்தது. செத்தவர்களைப் பாயில் சுற்றி மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். ஆள் போன வீட்டு வாசலில் எல்லாம் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். நான் தண்ணீர் எடுக்கப் போகும்போது பார்ப்பேன். நேற்று கடைசி வரிசையில் இருந்த வெள்ளை இன்று நடு வரிசையில் இருக்கும். நாளுக்கு நாள் எங்கள் தெருப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

ஒரு நாள் சுகாதாரத் துரை வந்தார். கூடவே ஆபீஸ் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக் கிராணியார், துரை சொல்வதைத் தமிழில் சொல்ல.

"நோய் போற வரைக்கும் கடை பூட்டு. ஒரு துளி கள்ளும் ஒருத்தருக்கும் குடுக்கப்படாது. குடுத்தால் லைசென்சு போகும், பிறகு வராது. விளங்கிச்சுதோ?"

"விளங்குதுங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

கடையைப் பூட்டலாம், மரத்தைப் பூட்ட முடியாதே. மரமேறி வந்து, "அண்ணே, சீவாம விட்டா பாளை காஞ்சிரும், அப்புறம் தொறக்கும்போது கள்ளுக்கு எங்க போவீங்க?" என்றான். அதனால் தினமும் சீவினான், இறக்கினான், நாங்கள் சாக்கடையில் கொட்டினோம். முனியின் மங்கை மட்டும் என் வீட்டுக்காரர் நிறுத்தவில்லை.

"சாமிக்கும் நிறுத்திருவோம்" என்றேன்.

"தொர மனுஷனுக்குத்தான் பூட்டச் சொன்னான். முனிக்குச் சொல்லல."

முதலில் வந்தவன் பட்டறையில் இரும்பு அடிக்கிற மீசைக்காரன். எங்கள் கடைக்குப் பழைய ஆள். வேலிக்கு வெளியே நின்று, "அண்ணி, நான் கள்ளு கேக்கல. சாமி பிரசாதம் கேக்குறேன்" என்றான்.

"திருநீறு இருக்கு, பூசிக்கிட்டுப் போ."

"நெத்திக்குப் பக்தி போதும் அண்ணி. தொண்டைக்குத்தான் பத்தல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இவர் மங்கை எடுத்து நீட்டினார். மறுநாள் மீசைக்காரன் கூட்டாளிகளோடு வந்தான். பத்துமலைக் கோயிலுக்குப் போனாலும் அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிடுகிறவர்கள் எல்லாம் சூடம் வாங்கி வந்து கல்லுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார்கள். முனிக்கு வைத்த மங்கு ஒரு முட்டிப் பானையாயிற்று.

"இந்த மாசம் முனிக்குத் தாகம் ஜாஸ்திலா" என்று ஒருத்தன் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. சுண்ணாம்பு தெரு முனைக்கு வந்திருந்தது.

"துரைக்குத் தெரிஞ்சா கடை போயிரும்" என்று இவரிடம் சொன்னேன்.

"கேட்டவன இல்லேன்னு அனுப்பினா முனி சும்மா விடுமா? பேதி நம்ம வீட்டுக்குள்ள வந்துரும் புள்ள."

எனக்குத் துரையிடம் பயம். இவருக்கு முனியிடம் பயம். இதை எந்த இடத்தில் நிறுத்துவது?

ஒரு நாள் மீசைக்காரன் வரவில்லை. அவன் நிற்கிற இடத்தைக் காலியாக விட்டு மற்றவர்கள் நின்றார்கள். அவனையும் பாயில் சுற்றி வண்டியில் ஏற்றிவிட்டதாக மெதுவாகச் சொன்னார்கள். கடைசியாக என்ன சாப்பிட்டான் என்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, அவன் பெண்டாட்டி மறைக்கவில்லை. முனி பிரசாதம் என்று சொல்லியிருக்கிறாள். பாவம், அவள் பொய் சொல்லவில்லையே.

மறுநாள் சாயங்காலம் எல்லாரும் கையில் மங்கோடு நிற்கும்போது பின்வாசல் வழியாகத் துரை வந்தார். இரண்டு போலீஸ்காரர்களும் கிராணியாரும் கூட. துரை ஏதோ கேட்டார். கிராணியார் அதை எங்களிடம் சொல்லுமுன் என் பக்கம் குனிந்தார்.

"அக்கா, இவை வேலி பாய்ஞ்சு களவாய் எடுத்துக் குடிச்சவை எண்டு சொல்லுங்கோ. நான் அப்பிடியே துரைக்குச் சொல்லுறன். உங்கடை கடை தப்பும்."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அங்கே நின்ற எல்லாருக்கும் கேட்டது. அந்த ஒரு வார்த்தையில் எங்கள் கடை பிழைக்கும். அவர்கள் லாக்கப்புக்குப் போவார்கள். ரயில் வேலை போகும், அதோடு குடியிருக்கிற லயமும் போகும். அவர்கள் தலை நிமிரவில்லை. என் வீட்டுக்காரர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்க வேலிய யாரும் தாண்டல. கேட்டாங்க, குடுத்தோம்" என்றேன்.

"இன்னொருக்கா யோசியுங்கோ."

"சொன்னதச் சொல்லுங்க கிராணியாரே."

அவர் இங்கிலீஷில் சொன்னார். துரை கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் தலையை மட்டும் ஆட்டினார். போலீஸ்காரர்கள் கடைப் பலகையைக் கழற்றினார்கள். முட்டிகளை ஒவ்வொன்றாக உடைத்தார்கள். உடைத்து முடியும்வரை நான் வாசலை விட்டு நகரவில்லை.

மங்குகளை வரிசையாகத் தரையில் வைத்துவிட்டு ஆட்கள் போனார்கள். ஒருத்தன் மட்டும் "அண்ணி" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"வீட்டுக்குப் போயி எல்லாரும் வெந்நி குடிங்கடா" என்றேன். வேறென்ன சொல்வது?

லைசென்சு போன பிறகு கிள்ளான் ஊருக்குப் போனோம். அங்கே வேறொருவர் கடையில் இவர் கள் ஊற்றும் வேலைக்கு நின்றார். கேட்டவர் யாராக இருந்தாலும் முதலாளி சொன்ன அளவுதான் ஊற்ற வேண்டும். இவர் வேலைக்கு நின்ற அந்தக் கடை எப்படி இருக்கிறது என்று நான் ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை.