எட்டாவது செவ்வாய்க்கிழமை: சங்கராபுரத்திலிருந்து வெள்ளிமலை வரை

கல்வராயன் மலைக்குப் போக நினைப்பவர்கள் முதலில் என்னைக் கேட்க வேண்டும். இது சங்கராபுரத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டேன். மிச்சத்தை ரோடு சொல்லிக்கொடுத்தது. ஐந்நூறு தடவையாவது மலை ஏறியிருப்பேன். இந்தத் தடவை ஏறியது அருவி பார்க்க இல்லை. என் தங்கச்சி செல்வி கூப்பிட்டாள்.

செல்வியின் மகள் தர்ஷினி போன ஆடியில் புற்றுநோயில் இறந்துவிட்டாள். ஒன்பது வயது. செல்வியும் மச்சானும் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்ததால், பிள்ளை என் வீட்டில் இருந்துதான் படித்தாள். அவள் போன பிறகு, கட்டியிலிருந்து எடுத்த துண்டையும் ஆஸ்பத்திரிக் காகிதங்களையும் ஆராய்ச்சிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று செல்வி கையெழுத்துப் போட்டாள். இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் ஏன் நோய் முற்றிய பிறகே ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. மாதம் ஒருநாள் அந்தக் குழுவோடு மலைக்குப் போய்த் தாய்மார்களிடம் பேசுகிறாள். சம்பளம் கிடையாது. கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு வருகிறாள்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படிவம் உண்டு. தர்ஷினியின் படிவத்தில் ஒரு பக்கம் மட்டும் காலி. கட்டியை முதலில் பார்த்த நாளிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போன நாள் வரை என்ன நடந்தது என்ற பக்கம். அது எனக்குத்தான் தெரியும். போனில் மூன்று தடவை கேட்டார்கள். மூன்று நாள் என்றேன், ஒரு வாரம் என்றேன், பத்து நாள் என்றேன். பதில் நிலையாக இல்லாவிட்டால் படிவத்தையே ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிடுவார்களாம்.

"அவ பேரு அதுல இருக்கணும்ணா" என்றாள் செல்வி. "அவளுக்குன்னு இப்ப அது ஒண்ணுதான் இருக்குது. நீயே நேர்ல வந்து சொல்லிடு."

செவ்வாய்க்கிழமை காலை 6.40க்கு என் ஆம்னி வேனில் கிளம்பினோம். 7.20க்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு. ஆராய்ச்சி டாக்டர் நித்யாவை அங்கே ஏற்றிக்கொண்டோம். சின்னப் பெண், எதையும் இரண்டு தடவை கேட்டு எழுதுகிற ஆள். இட்லி, வடை, டீ, மூன்று பேருக்கும் நூற்றைம்பது ரூபாய். கச்சிராயபாளையம் தாண்டி கோமுகி அணை வந்தபோது மணி 8.10. அணையில் தண்ணீர் கம்மி. அதற்கு மேல் மலைச்சாலை. இந்த வளைவுகளில் என்னைப் போல் வண்டி ஓட்டுகிறவன் மூன்று மாவட்டத்தில் இல்லை. இரண்டாவது கியரிலேயே ஏற்றுங்கள்.

நாலாவது வளைவில் ஒரு சிறுத்தை ரோட்டைக் கடந்தது. டாக்டரிடம் காட்டினேன்.

"அது நாய்ணா" என்றாள் செல்வி.

"உனக்கு இன்னா தெரியும்? வாலைப் பார்த்தியா?"

"கழுத்துல பெல்ட்டு கட்டிக்கினு போவுது. சிறுத்தைக்கு யாரு பெல்ட்டு வாங்கிக் குடுத்தா?"

டாக்டர் பொண்ணு சிரித்தது. செல்வி சிரிக்கவில்லை. கரியாலூரில் படகுத்துறை இருக்கிறது, குடும்பத்தோடு வருபவர்கள் நிறுத்தலாம். நாங்கள் நிறுத்தவில்லை. வெள்ளிமலைக்குப் பக்கத்து ஊர் சமுதாயக் கூடத்தை 9.25க்கு அடைந்தோம்.

கூடத்தில் யாரும் இல்லை.

பாய் விரித்தோம். படிவங்களை எடுத்து வைத்தோம். பத்து மணி ஆனது, பதினொன்று ஆனது. ஒரு கோழி உள்ளே வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனது.

"போன மாசமும் இதே மாதிரிதான்" என்றது டாக்டர். "அதுவும் செவ்வாய்க்கிழமை. எனக்கு மலைக்கு வர கெடைக்கிறதே அந்த ஒரு நாள்தான். இவங்களுக்கு இதுல விருப்பமில்ல போல. இந்த ஊர விட்டுடலாம்னு எழுதிடறேன்."

செல்வி பாயைச் சுருட்ட ஆரம்பித்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு சுருட்டினாள். ஜனங்கள் எங்கே என்று எனக்குத் தெரியும். சும்மா இருந்திருந்தால் அப்படியே இறங்கி வந்திருக்கலாம்.

"விருப்பமில்லாம இல்லம்மா" என்றேன். "இன்னிக்கு செவ்வாக்கெழமை. வேர் மருந்து வைத்தியர் ஒருத்தர் அஞ்சு கிலோமீட்டர் தள்ளி இருக்காரு. செவ்வாக்கெழமை மட்டும்தான் மருந்து குடுப்பாரு. சுத்துப்பட்டுல புள்ளைக்கு ஒடம்பு சரியில்லாதவங்க எல்லாம் அங்கதான் இருப்பாங்க."

செல்வி பாயை விட்டாள். "உனக்கு எப்படிண்ணா தெரியும்?"

நான் படிவங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன்.

"அவள எத்தினி தடவ இட்டுக்கினு வந்த?"

"ஏழு."

டாக்டர் பேனாவை எடுத்தது. நான் சொன்னேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தலை பின்னும்போது தர்ஷினி என் கையைப் பிடித்துக் கழுத்தில் வைத்து, "மாமா, இங்க உருளுது பாரு" என்றாள். செவ்வாய்க்கிழமை மலைக்குக் கூட்டி வந்தேன். முன்பு எனக்கு வந்த ஒரு கட்டியை இதே வைத்தியர் கரைத்திருக்கிறார். என் ஆள் ஒருத்தர் இருக்கிறார், ஊசி இல்லாமல் சரிசெய்வார் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தேன். திருப்பூருக்குப் போன் போட்டு, பெரிய டாக்டர் பார்த்துவிட்டார், ஒன்றுமில்லை என்றேன். ஏழு செவ்வாய். அதற்கடுத்த வியாழக்கிழமை அவளால் படுத்து மூச்சுவிட முடியவில்லை. அன்றைக்குத்தான் ஆஸ்பத்திரி.

"நாப்பத்தாறு நாள்" என்றது டாக்டர். இரண்டாம் தடவையும் எண்ணிப் பார்த்துவிட்டு எழுதியது.

"முன்னாடியே வந்திருந்தா பொழச்சிருப்பாளா?" செல்வி டாக்டரைத்தான் கேட்டாள், என்னைப் பார்க்கவில்லை.

"அதச் சொல்ல முடியாதுக்கா. தெரியாது."

"அங்க வண்டிய வுடு" என்றாள் செல்வி என்னிடம்.

ஐந்து கிலோமீட்டர் மண் ரோடு, இருபது நிமிடம். வைத்தியர் வீட்டு முன்னால் முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவருக்கு என்னைத் தெரிந்தது. "பொண்ணு எப்படி இருக்குது?" என்று கேட்டார். "இல்ல" என்றாள் செல்வி. அவர் அரைத்துக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நாலாவது வாரமே சொன்னனே. கட்டி கரையல, இது நம்மால ஆவாது, கீழ கூட்டிக்கினு போன்னு. கேட்டியா நீ? கரையுதுன்னு நீயே சொல்லிக்கினு திரும்பத் திரும்ப வந்த."

வாஸ்தவம்தான். கட்டி சின்னதாகிவிட்டது என்று ஊரில் அதற்குள் சொல்லிவிட்டிருந்தேன். டாக்டர் அதையும் எழுதியது.

செல்வி அந்த முப்பது பேருக்கு முன்னால் போய் நின்றாள். "எம்பொண்ணு இங்க ஏழு வாட்டி வந்தா. அவளுக்குக் கழுத்துல கட்டி. இப்ப அவ இல்ல. உங்க புள்ளைங்களுக்குக் கட்டி கிட்டி இருந்தா இந்த டாக்டர் பார்க்கட்டும். காசு வேணாம்."

"மருந்து வாங்கற எடத்துல வந்து சாவப் பேசறியே, நீ இன்னா பொம்பள?" என்றாள் ஒருத்தி.

"நானே சொல்றேன், காட்டுங்க" என்றார் வைத்தியர். அதன் பிறகு பதினோரு பேர் படிவத்துக்கு விவரம் சொன்னார்கள். ஒரு தாய் மட்டும் மகளின் தாவணியை விலக்கிக் காட்டினாள். டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, இன்றைக்கே கீழே போகலாம் என்றது.

2.15க்கு அந்தத் தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு இறங்கினோம். காலையில் என் பக்கத்து சீட்டில் வந்த செல்வி பின்னால் அந்தப் பெண்ணோடு உட்கார்ந்துகொண்டாள். கள்ளக்குறிச்சி வரும் வரை என்னிடம் பேசவில்லை. இதை எழுதும் வரையிலும் பேசவில்லை.

இனி, போகிறவர்களுக்கு. பெட்ரோல் எழுநூறு ரூபாய்க்குப் போட்டால் போதும். மலையில் செல்போன் சிக்னல் பாதி இடத்தில் கிடைக்காது. நான் ஐந்நூறு தடவை ஏறியதில்லை, இருபது இருக்கும். அது நாய்தான். தர்ஷினியை விமானத்தில் சென்னைக்குக் கூட்டிப் போனதாக நான் பயணக் குறிப்பு எழுதும் இதே இணையப் பக்கத்தில் முன்பு எழுதியிருந்தேன், நிறையப் பேர் பாராட்டினீர்கள். அது பொய். அழித்துவிட்டேன்.

கடைசியாக ஒரு தூரம். சங்கராபுரத்தில் என் வீட்டு வாசலிலிருந்து கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி வாசல் வரை, நேற்று வண்டியில் போய் மீட்டரைப் பார்த்துக் குறித்தது: பத்தொன்பது கிலோமீட்டர். முப்பத்தைந்து நிமிடம். வழியில் மலை எதுவும் இல்லை.