காகிதத்தில் சுற்றிய பேரிங்

மூன்றாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. ஆனாலும் எங்கள் தெருவில் என்னைப் போல் வீட்டையும் ஷெட்டையும் சுத்தமாக வைத்திருந்தவள் கிடையாது. அந்த நினைப்பு எனக்கு நிறையவே உண்டு.

நயா பைசா புழக்கத்துக்கு வந்து சில வருஷம் ஆகியிருந்தது. எங்கள் லாரியின் இஞ்சினை இறக்கி, திண்டுக்கல்லில் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஷெட்டில் பிரித்துப் போட்டிருந்தார்கள். மெக்கானிக் நெய்க்காரப்பட்டிக்காரர், சாதுவான மனிதர். கிளட்ச் பேரிங் தேய்ந்துவிட்டது என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னார்.

"இப்பவே மாத்திப்போடலாமுங்கண்ணா. பொறவு இதுக்குன்னே மறுக்கா எல்லாத்தையும் இறக்கோணும்."

புதிய பேரிங் வந்தது. அதைக் காகிதத்தில் சுற்றியபடியே வைத்தார். பழையதை ஒரு சாக்கில் போட்டார். மறுநாள் ஆயுத பூஜை என்பதால் ஊருக்குப் போய்விட்டார்.

பூஜைக்குச் சாமான்களை அடுக்கியது நான்தான். சாக்கில் கிடந்த பழையதை அழுக்கோடு சாமி முன்னால் வைக்க மனசு வரவில்லை. மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தேன். காகிதத்தைப் பிரித்துப் புதியதையும் எடுத்தேன். இரண்டையும் வாழையிலையில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். பார்க்க வந்தவர்கள் எல்லாம் மெச்சினார்கள்.

மறுநாள் காலையில் சந்தனத்தைத் துடைத்த பிறகுதான், எது புதியது என்று எனக்கே தெரியாமல் போனது. மெக்கானிக் வந்ததும் கேட்டிருக்கலாம். கேட்டால் நான் இரண்டையும் கலந்துபோட்டது தெரிந்துபோகும். பளபளப்பாகத் தெரிந்த ஒன்றை எடுத்து, கிரீஸ் தடவி, காகிதத்தில் சுற்றி வைத்தேன். மற்றதைச் சாக்கில் போட்டேன். மெக்கானிக் காகிதத்தை நம்பினார்.

பத்து நாள்கூட ஓடவில்லை. தக்காளி லோடோடு சேவுகம்பட்டிக்குப் பக்கத்தில் லாரி நின்றது. லோடு முழுக்க அழுகியது. என் வீட்டுக்காரர் உடைந்த பேரிங்கோடு வந்து ஷெட்டில் மெக்கானிக்கைப் பார்த்துக் கத்தினார். டிரைவர், பக்கத்து லாரிக்காரர்கள் இருவர், டீக்கடைக்காரர் என்று நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏலே, புதுச வித்துத் தின்னுப்புட்டு பழசையே மாட்டிருக்க! எம்புட்டு நாளா இந்தப் பொழப்பு?"

"பெத்தவ மேல சத்தியமுங்கண்ணா! காகிதத்துல இருந்ததத்தானுங்க மாட்டுனேன்."

"அப்ப புதுசக் காகிதம் திங்கவா செஞ்சுச்சு?" என்றார் டீக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள்.

நான் பின்வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போய்விட்டேன். பிற்பாடு சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தபோது, தேயாத பேரிங் அதில் இருந்தது.

அதன்பின் எங்கள் ஊரில் அந்த மெக்கானிக்குக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை. ஒரு மாதம் பொறுத்தேன். பிறகு பழனிக்குச் சாமி கும்பிடப் போகிறேன் என்று பஸ் ஏறி, நெய்க்காரப்பட்டியில் அவர் வீட்டைத் தேடிப் போனேன். பேரிங்கைக் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவர் அதை ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

"எங்கிட்டச் சொல்லி என்னுங்கக்கா ஆகப்போவுது? அன்னைக்கு நின்னாங்களே நாலு பேரு, அவிய முன்னால சொல்லுங்க. எனக்கு அது போதுமுங்க."

அவர் மனைவி அடுப்படியிலிருந்தே சொன்னாள்: "பூசைக்குச் சோடிக்கத் தெரிஞ்சவிகளுக்கு இதச் சொல்லத் தெரியாதுங்களா?"

"நாளைக்கே சொல்லிப்புடுறேன்" என்றேன். அவர் என்னைப் பஸ் நிறுத்தம் வரைக்கும் கூட்டிவந்து ஏற்றிவிட்டார். வழியெல்லாம் என்ன சொல்வது என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது அதே நாலு பேரும் ஷெட்டில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நாளை வரைக்கும் காத்திருக்க வேண்டியதே இல்லை. பேரிங் என் மஞ்சள் பையில் கனத்தது.

"சாமி நல்லா கும்புட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

"ம். கூட்டந்தான் சாஸ்தி" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

நெய்க்காரப்பட்டியில் அவர் எத்தனை நாள் காத்திருந்தாரோ தெரியாது. நான் சொல்லவே இல்லை.