மெதுவாகப் பேசிய போர்மேன்

பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை என்பது எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்கிற வேலை. நடக்காத ஒன்றுக்காக யாரும் கை கொடுப்பதில்லை. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் எங்கள் கம்பெனி. வெடிமருந்து செலுத்தும் அறை ஒவ்வொன்றிலும் நாலு பேர்தான் உட்காரலாம். தீப்பிடித்தால் ஓட ஆளுக்கொரு வாசல். சீசன் வந்துவிட்டால் முதலாளியின் கண்ணுக்கு அங்கே ஐந்தாவது ஆளுக்கும் இடம் தெரியும். போர்மேன் கண்ணுக்குத் தெரியக் கூடாது. இது போதாதென்று, காலையில் வேதத்தில், அதாவது பைபிளில், வாசித்ததைப் பகலில் செய்து பார்க்கிற பழக்கமும் எனக்கு உண்டு. உங்களுக்கும் இருந்தால் என் பாடு புரியும்.

மெதுவான பதில்

மெதுவாகப் பதில் சொன்னால் கோபம் அடங்கும் என்று ஒருநாள் வாசித்தேன். எங்களுக்கு கேட் ஆபீஸில்தான் போன். அட்டைப்பெட்டி ஏன் வரவில்லை என்று முதலாளி விருதுநகர் வீட்டிலிருந்து கத்திக்கொண்டிருந்தார். நான் குரலைத் தாழ்த்தி, "முதலாளி..." என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைனும் கட் ஆகிவிட்டது. வசனம் இவ்வளவு வேகமாக வேலை செய்கிறதே என்று டீ வாங்கிவரச் சொன்னேன்.

டீ ஆறுவதற்குள்ளாகவே என்று சொல்ல முடியாது. ஆனால் அதிக நேரம் ஆகவில்லை. கார் புழுதியோடு வந்து நின்றது. செருப்பில்லாமல் இறங்கிய முதலாளி வானத்தில் புகையைத் தேடினார். எல்லா அறையையும் சுற்றிப் பார்த்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். குடித்து முடித்துச் சொன்னார்: "யோவ் செல்லத்துரை, எதுன்னாலும் கத்திச் சொல்லுய்யா. நீ அமைதியா 'முதலாளி'ங்கவும் எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு."

எறும்பு

கோயில் பொங்கலுக்கு மறுநாள் பாதிப் பேர் வேலைக்கு வரவில்லை. எறும்பைப் பார்த்துப் புத்தி படிக்கச் சொல்லும் பகுதி எனக்கு ஞாபகம் வந்தது. வந்திருந்த பெண்களிடம் சாப்பாட்டு நேரத்தில் ஆரம்பித்தேன். எறும்புக்குத் தலைவன் கிடையாது, மேற்பார்க்க ஆள் கிடையாது, இருந்தும் காலத்தில் சேர்த்துவைக்கிறது என்றேன். யார் வேலைக்கு உலை வைக்கிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது. பெட்டி அடைக்கும் மாரித்தாய் தூக்குவாளியை மூடினாள். "போர்மேன் இல்லாமயே வேலை நடக்கும்னு உங்க வேதமே சொல்லுதே, அண்ணாச்சி. பெறகு நீங்க ஏன் வெயில்ல நிக்கீக? இங்கன வந்து உக்காருங்க."

துண்டு

தீபாவளிக்கு முன் வடக்கே ஒரு பெரிய லோடு போக வேண்டியிருந்தது. "திங்கக்கெழமையில இருந்து அறைக்கு அஞ்சு பேரு. முடியலைன்னா சொல்லு, வேற போர்மேன் பாத்துக்கிடுதேன்" என்றார் முதலாளி. மகள் நர்ஸிங் கடைசி வருடம் படிக்கிறாள். என் வயதில் இன்னொரு கம்பெனி வாசலில் போய் நிற்பதையும் நினைத்துப் பார்த்தேன்.

வேதத்தில் ஒருவர் யுத்தத்துக்குப் போகுமுன் ஆட்டுத்தோலைக் களத்தில் போட்டுக் கடவுளிடம் அடையாளம் கேட்பார்: தரை காய்ந்திருக்க, தோல் மட்டும் பனியில் நனைந்திருக்க வேண்டும். என்னிடம் தோல் இல்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கேட்டுக்கு உள்பக்கம் என் துண்டை விரித்துவிட்டுப் போனேன். துண்டு மட்டும் நனைந்திருந்தால் முடியாது என்று சொல்லிவிடுவது.

மறுநாள் துண்டு நனைந்துதான் இருந்தது. ஆனால் கொடியில் தொங்கியது. முதல் வேனில் வந்திருந்த மாரித்தாய் கையை உதறிக்கொண்டே சொன்னாள்: "கீழ விழுந்து கெடந்துச்சு, அண்ணாச்சி. அலசிப் போட்டுட்டேன். யாத்தே, எம்புட்டு அழுக்கு!"

ஐந்தாவது ஆள்

திங்கட்கிழமையும் வந்தது. நான் இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். மருந்து அறைக்குப் போகும்படி முதலாளி விருதுநகரிலிருந்து போனில் மாரித்தாயிடமே சொல்லிவிட்டார். அவள் உள்ளே போய் நின்று, நாலு வாசலிலும் உட்கார்ந்திருந்த நாலு பேரையும் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் வழக்கமான கேலிதான். "நான் எந்த வாசல் வழியா ஓடணும், அண்ணாச்சி?"

அதற்குமேல் எனக்கு அடையாளம் தேவைப்படவில்லை. அவளைப் பெட்டி அடைக்கத் திருப்பி அனுப்பிவிட்டு கேட் ஆபீஸுக்குப் போய் போனை எடுத்தேன். கத்த வேண்டும் என்றுதான் நினைத்தேன், குரல் எழும்பவில்லை.

"முதலாளி..."

"என்னய்யா? என்ன ஆச்சு? சொல்லித் தொலை!"

"ஒண்ணும் ஆகலை, முதலாளி. ஆகிறக் கூடாதுன்னுதான் அஞ்சாவது ஆளை எந்திரிக்கச் சொல்லிட்டேன். வேற போர்மேன் பாக்கணும்னா பாத்துக்கோங்க."

காரை எடுக்க வேண்டாம் என்று அவர் யாரிடமோ சொல்வது கேட்டது. பிறகு சொன்னார்: "லோடு பிந்தும்னு பார்ட்டிக்கு நான் சொல்லிக்கிடுதேன். நீ மொதல்ல சத்தமாப் பேசுய்யா."

மெதுவான பதில் கோபத்தை அடக்குமோ என்னவோ, எங்கள் முதலாளியைப் பதறவைத்து நாலு பேர் அறையை நாலு பேர் அறையாகவே வைத்திருக்கிறது.