கேட்பவர்களைக் கேட்கும் சனிக்கிழமைகள்

எங்கள் தொழிலில் சூப்பர்வைசர் என்றால் விரட்டி வேலை வாங்குபவர் இல்லை. ஊரார் துயரத்தைக் கேட்டுவிட்டு வரும் மனநலக் கவுன்சிலர்களை உட்காரவைத்து, அவர்களைக் கேட்பவர். காது கொடுத்தே பிழைக்கும் சகபாவிகளே, உங்களுக்குத் தெரியாததா? ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மாடி அறை, இரண்டு பிரம்பு நாற்காலி, காற்றில் உப்பி அமுங்கும் திரை. சனிக்கிழமை மதியம் அங்கே பாதித் தூக்கத்தில் மிதப்பதுபோல் இருக்கும். அங்கே வருபவர்களின் அடையாளங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

யாருடைய கனவு?

முருகேசன் இளம்பிள்ளைப் பக்கம் கவுன்சிலர். அவரிடம் வந்த நெசவுக்காரர் ஒருவருக்குத் தினமும் ஒரே கனவு: தெருவெல்லாம் ஈர நூல் தொங்குகிறது, அதை விலக்கி விலக்கித் தன் வீட்டைத் தேடுகிறார். கொஞ்ச நாளில் அவர் நன்றாகத் தூங்கத் தொடங்கிவிட்டார். அதைச் சொன்ன முருகேசன் முகத்தில் சந்தோஷமே இல்லை. “நீங்க தூங்கறீங்களா?” என்று கேட்டேன். திரை உப்பியது, அமுங்கியது. எங்கேயோ பார்த்தபடி சொன்னார்:

“அந்தத் தெருவுல இப்ப நாந்தானுங்க மேடம் நடக்கறேன்.”

எந்தூருங்க?

செல்வி நாமக்கல்லில் கவுன்சிலர். கூலி வேலை பார்க்கும் குடும்பத்துப் பெண். மோகனூர்ப் பக்கம் சொந்த நிலம் வைத்திருக்கும் தோட்டக்காரர் ஒருவர் வந்து உட்கார்ந்ததும், “எந்தூருங்க? யாரு ஊட்டுப் புள்ளைங்க?” என்றாராம். சாதியை விசாரிக்கும் கேள்வி. செல்வி பேச்சை மாற்ற, அவர் வந்த விஷயத்தைச் சொல்லாமலே கிளம்பிவிட்டார். “காவிரில முங்குன மாதிரி இருந்துச்சுங்க. சத்தமே கேக்கல” என்றார் செல்வி. வேலையை விட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறாராம்.

நான் நிலபுலன் உள்ள வீட்டுப் பெண். என்னிடமும் அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். பதில் சொன்னதும் எனக்கு மோர் வந்திருக்கிறது. அதை அப்படியே செல்வியிடம் சொன்னேன். அவர் என்னை நேராகப் பார்த்தார்.

“இதை நீங்களாச் சொல்லாட்டி, அடுத்த வாரம் வந்திருக்க மாட்டேனுங்க.”

மறுபடியும் அதே கேள்வி

தோட்டக்காரர் திரும்ப வந்தார், திரும்பக் கேட்டார். இந்தமுறை செல்வி நழுவவில்லை. “நான் சொல்ற பதிலைப் பொறுத்துத்தான் பேசுவீங்களாங்க?” என்று கேட்டார். அவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மகள் வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் பெயரைக்கூட வீட்டில் சொல்ல முடியவில்லை. போய்ப் பார்க்கத் தவிக்கிறார். அவர் சொன்னதை, அவர் குரலிலேயே என்னிடம் மெதுவாகச் சொன்னார் செல்வி:

“நீங்க எங்காளுகளா இருந்தா வெளிய தெரிஞ்சிரும்னுதானுங்க கேட்டேன். இல்லீன்னா, எம்புள்ளயப் பத்திக் கொஞ்சம் பேசலாமுங்களா?”

நாற்காலியை விட்டு எழாமலே பார்க்கும் இந்த வேலையில், சாயங்காலமானால் கால் ஏன் இப்படி வலிக்கிறது என்பதை மட்டும் என்னைக் கேட்கும் என்னுடைய சூப்பர்வைசரும் இன்னும் சொன்னபாடில்லை.