தவ்லத்தின் மூலை

மொர்வாரீதுக்குக் காலையில் ஊறும் தெம்பு ஒரு செம்புத் தண்ணீர் அளவுதான். அடுப்படியில் கொட்டிவிட்டால் முற்றத்துக்கு இல்லை. முற்றத்துக்குக் கொடுத்தால் தலை வாரக் கை எழும்பாது. நரம்பில் நோய் என்று யஜ்த் நகரத்து டாக்டர் சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. சில நாள் கால் இருக்கிற இடமே தெரியாது. சில நாள் விரல் நுனியெல்லாம் பஞ்சு சுற்றினாற்போல் இருக்கும். முகத்தில் மட்டும் ஒன்றும் தெரியாது. அதுதான் தொல்லை.

அவள் கிணற்றுத் தெரு ஜம்ஷீதின் நடு மகள். தாய் வழியில் மெஹ்ரபானுக்கு முறைப்பெண்தான். அவனுக்கே வாழ்க்கைப்பட்டு, மாமியார் தவ்லத் ஆண்ட வீட்டுக்கு வந்தாள். பக்கத்து வீட்டு அலமாரியிலும் விரல் வைத்து இழுத்து, அந்த விரலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கிற மாமியார். அவள் போய்ச் சேர்ந்தது போன கோடையில்.

வருஷக் கடைசிப் பத்து நாளும் நெருப்பை வணங்கும் எங்கள் சனத்தின் வீடுகளுக்குச் செத்துப்போனவர்கள் விருந்தாளிகளாக வருவார்கள். கூரையிலிருந்து கிணற்றடி வரைக்கும் தூசி இல்லாமல் இருந்தால் மனசு குளிர்ந்து வாழ்த்திப் போவார்கள். தூசியைக் கண்டால் வாய் திறக்காமல் திரும்பிவிடுவார்கள். இந்த வருஷம்தான் தவ்லத் முதல்முறையாக வருகிறாள். இருந்த காலத்தில் மருமகளை ஒரு தடவைகூட மெச்சாதவள், இப்போது மனத்தாங்கலோடு திரும்பினால் அது ஆயுசுக்கும் ஆறாது என்று மொர்வாரீத் நினைத்தாள்.

அதனால் மாதுளை பழுத்தபோதே ஆரம்பித்துவிட்டாள். ஒரு நாளைக்கு ஒரு ஜன்னல் கண்ணாடி. மறுநாள் அலமாரியில் ஒரு தட்டு. அதற்கடுத்த நாள் ஒன்றுமே இல்லை. சின்ன முக்காலியில் உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து துடைப்பாள். தெம்பு தீர்ந்ததும் கூடத்துத் தரையிலேயே சாய்ந்துவிடுவாள். குவிந்த கூரையின் நடுத் துளையிலிருந்து வெயில் ஒரு தூணாக இறங்கி நிற்கும். அதற்குள் தூசிகள் பொன்னாக மிதக்கும். பார்த்துக்கொண்டே கிடந்தால் தானும் அவற்றில் ஒன்றாகி, கையும் காலும் எடையற்று, வீட்டோடு சேர்ந்து எங்கோ மெல்லப் போய்க்கொண்டிருப்பதுபோல் இருக்கும். வெயில் தூண் சுவருக்கு நகர்ந்தபிறகுதான் மத்தியானம் போய்விட்டது தெரியும்.

விருந்தாளிகள் வர நாலு நாள் இருக்கும்போது பாலைவனத்துக் காற்று கிளம்பியது. காற்றை வீட்டுக்குள் இறக்கும் கூரைக் கோபுரத்தின் வாயை மெஹ்ரபான் சாக்கு போட்டு அடைப்பதற்குள், மாவு சலித்தாற்போல் வீடு முழுக்கப் புழுதி இறங்கிவிட்டது. மாதுளைக் காலம் தொட்டுச் செய்த வேலையெல்லாம் போயிற்று.

மறுநாள் நாத்தனார் ஃபரங்கீஸ் வந்தாள். மெஹ்ரபானுக்கு மூத்தவள். பேச்சில் அம்மாவை அப்படியே உரித்து வைத்தவள். வாசலிலேயே செருப்பை உதறினாள்.

"ரெண்டு பொம்பளைங்கள அனுப்புறேன்டி. ஒரே நாள்ல முடிச்சிருவாங்க. நீ பாட்டுக்குப் படு."

"வர்றது உங்கம்மா, மதினி. கூலிக்காரி பெருக்கின வீடுன்னு வாசப்படியிலயே கண்டுபிடிச்சிருவாங்க."

"பாத்தா நல்லாத்தானே இருக்க? அப்புறம் எதுக்குக் கீழயே கிடக்குற?"

மொர்வாரீத் துணியை நனைத்துப் பிழியப் பார்த்தாள். விரல் மடங்கவில்லை. ஃபரங்கீஸ் துணியை வாங்கிப் பிழிந்து கொடுத்தாள்.

இதுவரை ஒரு தடவைகூடத் தொடாமல் இருந்தது பெரிய பெட்டிக்குப் பின்னால் இருக்கும் கூடத்து மூலை. கடைசி ஆறு வருஷம் தவ்லத் அங்கே ஒருவரையும் விடவில்லை. "என் மூலைய நான் பாத்துக்கிறேன்" என்று கம்பளத்தை இழுத்துவிட்டுக்கொள்வாள். இரண்டு பேருமாகப் பெட்டியைத் தள்ளிக் கம்பளத்தைத் தூக்கினார்கள்.

உள்ளே ஒரு சாண் அகலத்துக்குத் தூசி. முந்தின நாள் காற்றில் விழுந்த தூசி இல்லை. வருஷக்கணக்காகப் பெருக்கித் தள்ளி, இறுகிப் போய், கரையான் புற்று மாதிரி நின்றது. பக்கத்தில் தேய்ந்த கைத்துடைப்பம். முழங்காலுக்குக் கீழே வைக்கிற பழந்துணிச் சும்மாடு ஒன்று, அழுந்தி அப்பளமாகக் கிடந்தது.

ஃபரங்கீஸ் வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"எங்கம்மாவா? ஊரு அலமாரிக்கெல்லாம் விரல் வெச்சவளா?"

"எழுந்து முத்தத்துக்குக் கொண்டுபோக முட்டி விடல போல," என்றாள் மொர்வாரீத். "யார்கிட்டயும் சொல்லிக்கல."

சும்மாட்டை எடுத்துத் தன் முழங்காலுக்கடியில் வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. ஃபரங்கீஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு முறத்துக்குக் கை நீட்டியபோது தடுத்தாள்.

"அது கிடக்கட்டும் மதினி. அவங்க வேலை, மிச்சம் வெச்சிட்டுப் போயிருக்காங்க. நீங்க அந்த மேல் தட்டு ரெண்டையும் துடைங்க. என் செம்பு காலி."

ஒன்பது வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்ட முதல் ஒத்தாசை அது. ஃபரங்கீஸ் முணுமுணுக்காமல் முக்காலியில் ஏறினாள்.

விருந்தாளிகள் வரும் அன்றைக்கு, வெளிச்சம் சாயும் நேரத்தில், முளைவிட்ட பச்சைக் கோதுமைத் தட்டை மொர்வாரீத் அந்த மூலையில் வைத்தாள். விளக்கேற்றினாள். சாம்பிராணிப் புகை கூடமெல்லாம் சுற்றி வந்தது. இரண்டு ஜன்னல் துடைக்காமலே இருந்தன. கம்பளத்தில் படுத்தாள். புகையும் விளக்கொளியும் ஒன்றாகி, வீடு மறுபடி மிதக்கத் தொடங்கியது.

பாதித் தூக்கத்தில், பெட்டிக்குப் பின்னால் முட்டி இரண்டும் நெரிய யாரோ மெதுவாக உட்காருவது கேட்டது. மொர்வாரீத் எழுந்திருக்கவில்லை. கைக்கெட்டின சும்மாட்டை அந்தப் பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.