எரிமலைக் குழிக்குள் ஓர் ஈரத் துண்டு

காலை ஐந்தரை மணிக்கு அருஷாவிலிருந்து புறப்பட்டோம். தான்சானியாவில் பல வருடமாக வேலை பார்க்கும் என் அண்ணன் பாஸ்கர், கல்லூரியில் படிக்கும் என் மகள் நித்யா, நான், ஓட்டுநர் ஜோசப். ங்கோரோங்கோரோ சரணாலயத்தின் நுழைவாயில் அங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். என் மடியில் ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு காசித் துண்டு.

“இது இன்னாத்துக்கு விஜி? சிங்கத்துக்குத் தல தொவட்டவா?” என்றார் அண்ணன்.

எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம் இது பழக்கம். நித்யா பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் ஏதோ தொழிற்சாலையில் வாயு கசிந்து தெருவே ஓடியது. அன்றிலிருந்து படுக்கையருகே துண்டும் தண்ணீரும் இல்லாமல் நாங்கள் தூங்குவதில்லை. நெடி வந்தால் கேள்வி கேட்காதே. துண்டை நனைத்து மூக்கில் வை, கதவைத் திற, ஓடு. இதைச் சொல்லிச் சொல்லியே அவளை வளர்த்தேன்.

ஒன்பதரைக்குக் குழியின் விளிம்பில் நின்றோம். எப்போதோ வெடித்து உள்வாங்கிய எரிமலை. அறுநூறு மீட்டர் கீழே தரை. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை தூக்கி உள்ளே வைத்துவிடலாம் போலிருந்தது. செங்குத்தான மண்பாதையில் வண்டி இறங்கியபோது கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தால் நாலு பக்கமும் மலைச்சுவர். நான் முதலில் தேடியது வெளியே போகும் வழியை.

“போலே போலே,” என்றார் ஜோசப். மெதுவாக, மெதுவாக என்று அவர்கள் மொழியில் அர்த்தமாம். ஓய்விடங்கள் தவிர வேறெங்கும் வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்றும் சொன்னார்.

பதினொன்றரைக்கு, சோடா உப்பு நிறைந்த ஏரியின் கரை. தண்ணீர் தெரியாத அளவுக்குப் பூநாரைகள். திடீரென்று வரிக்குதிரைகள் எல்லாம் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தன. புல்லுக்குள்ளிருந்து ஒரு பெண்சிங்கம் எழுந்து நேராக எங்களை நோக்கி வந்தது. ஜோசப் எஞ்சினை அணைத்தார். இங்கே மரமில்லை, வண்டி நிழலுக்குத்தான் வருகிறது, அசையாதீர்கள் என்று ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார். அது நித்யா இருந்த பக்கமாக வந்து, கதவுக்குக் கீழே தொப்பென்று படுத்தது.

“மாமா, கொறட்ட வுடுது!”

“வாய மூடு பாப்பா. எந்திரிச்சா உன்னியதான் மொதல்ல கேக்கும்.”

அப்போது காற்று திரும்பியது. மூக்கைக் குத்தி, கண்ணைக் கரிக்கவைக்கும், ஊரில் அன்று வந்த அதே நெடி. என் கை தானாகத் துண்டை நனைத்து அவள் முகத்தில் அழுத்தியது. “நித்யா, எறங்கு! ஓடு!” என்று கத்தினேன். அவள் கேள்வி கேட்கவில்லை. நான் வளர்த்த பெண். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே நீட்டிவிட்டாள்.

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில் எனக்குச் சிங்கம் நினைவில் இல்லை.

அண்ணன் அவள் பின்னலைப் பிடித்து உள்ளே இழுத்தார். ஜோசப் எட்டிக் கதவைச் சாத்தினார். சிங்கம் தலையைத் தூக்கி மஞ்சள் கண்ணால் எங்களைப் பார்த்தது. பார்த்துக்கொண்டே இருந்தது. பிறகு கொட்டாவி விட்டு, மறுபடி படுத்தது.

“லூசா நீ? பெத்த பொண்ண நீயே புட்ச்சித் தள்றியே!” என்றார் அண்ணன், பின்னலை இன்னும் பிடித்தபடி. “ஏரி நாத்தம் விஜி. பறவ எச்சமும் சோடாவும். வேற ஒன்னியும் இல்ல.”

மேலே ஏறும்வரை நித்யாவின் கையை விடவில்லை. ஜோசப் யானையைக் காட்டினார், தூரத்தில் ஒரு காண்டாமிருகத்தைக் காட்டினார். பார்த்ததாகத் தலையாட்டினேன்.

ஊர் திரும்பிச் சில நாளாகிறது. நேற்று மாலை மணலிப் பக்கமிருந்து வீசிய காற்றில் லேசாக ஒரு நெடி. நித்யா துண்டோடு கதவுக்கு ஓடினாள். தாழ்ப்பாளில் கை வைத்தவள், திறக்காமல் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“அம்மா, போலாமா? இங்கியே இருக்கலாமா?”

இதற்குமுன் அவள் இப்படிக் கேட்டதே இல்லை. அவளைப் பின்னால் நிறுத்திவிட்டு நானே தாழ்ப்பாளைத் திறந்தேன். முதலில் என் காலை வெளியே வைத்தேன்.