ஞானம் அண்ணைக்குப் போர்த்திய பொன்னாடைகள்

போன கிழமை விட்பி நகரில் மகள் வீட்டில் நின்றேன். பேரனைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டு மகள் பவுடர் பேணியைக் கவிழ்த்துத் தட்டினாள். வெள்ளையாகப் புகை எழும்பியது, பேரன் தும்மினான், எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் குயின் தெருவில் இருந்த ஒரு தவறணையின் குசினி கண்ணுக்கு முன்னால் வந்துவிட்டது. குழந்தை மணத்தில் குடிக்கிற இடம் ஞாபகம் வருகிற அம்மப்பா என்ன மாதிரியான ஆள் என்று நீங்கள் நினைக்கலாம். நினையுங்கள். என் மனைவியும் அதைத்தான் நினைக்கிறாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், இந்தப் பனி நாட்டுக்கு வந்த புதிதில், அந்தக் குசினியில் எனக்கு உருளைக்கிழங்கு உரிக்கிற வேலை. ஊரில் கணக்கு வாத்தியாராக இருந்தவன். கேத்திரகணிதம் படிப்பித்த கையால் இங்கே கிழங்கைச் சதுரம் சதுரமாக வெட்டினேன். படித்த படிப்பு வீண்போகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை மத்தியானங்களில் தவறணையின் முன்பக்கம் கச்சேரி நடக்கும். வாசிக்கிறவர்கள் குசினி வழியாகத்தான் வந்து போவார்கள்.

அப்படி ஒரு சனிக்கிழமை, கிழங்கு மூட்டைமேல் எங்கள் ஆள் ஒருவர் இருந்தார். அறுபது வயது மதிக்கலாம். எண்ணெய் வைத்து வாரிய தலை, கழுத்துவரை பொத்தான் பூட்டிய சேர்ட். இடது கைக்குக் குழந்தைப்பிள்ளைப் பவுடர் பூசிக்கொண்டிருந்தார். கோப்பை கழுவ எடுத்த புது ஆள் என்று நினைத்தேன்.

“அண்ணை, ஏப்ரன் அங்கை தொங்குது” என்றேன்.

“ஓம் தம்பி. ஒருக்கா வாசிச்சிட்டு வாறன்” என்று எழும்பிப் போனார். கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் கிற்றார் அழத் தொடங்கியது. எட்டிப் பார்த்தேன். கறுப்பு மனிதர்கள் மூவருக்கு நடுவில், கண்ணை மூடிக்கொண்டு அவர். கச்சேரி முடிந்ததும் நேரே வந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டு தொட்டியடியில் நின்றாரே, அதுதான் ஞானம் அண்ணை. நான் வெட்கத்தில் கிழங்குக்குள் தலையைப் புதைத்துக்கொண்டேன்.

அவர் வாசித்ததன் பெயர் புளூஸ். பருத்திக் காடுகளில் உழைத்துச் செத்த கறுப்பு மக்கள் தங்கள் துக்கத்தைப் பாடிப் பாடி உண்டாக்கிய இசை என்று அவர்தான் எனக்குச் சொல்லித்தந்தார். கொழும்புத் துறைமுகத்தில் கிளாக்கராக வேலை பார்த்த காலத்தில் கப்பல்காரர்கள் கொடுத்த இசைத்தட்டுகளைக் கேட்டே பழகியிருக்கிறார். பகலில் கந்தோர், மாலையில் ஹொட்டேல் வாத்தியக் குழு. இடது கைச் சின்னவிரலில் ஒரு பித்தளைக் குழாய்த் துண்டை மாட்டிக்கொண்டு அதைத் தந்திமேல் வழுக்கவிடுவார். அப்போது கிற்றார் மனிதக் குரலில் இழுக்கும். அந்தத் துண்டு கொழும்பில் அவர் இருந்த அறையின் உடைந்த தண்ணீர்க் குழாயில் வெட்டியது. கை வியர்க்காமல் வழுக்கத்தான் பவுடர்.

எண்பத்து மூன்று இனக்கலவரத்தில் அந்த அறையும் கிற்றாரும் எரிந்தன. மிஞ்சியது சட்டைப் பையில் கிடந்த குழாய்த் துண்டு. அகதிகளை ஏற்றிக்கொண்டு வடக்கே போன சரக்குக் கப்பலில், கையில் கிற்றார் இல்லாமல், கப்பலின் கம்பியிலேயே விரலை ஓட்டி ஒரு மெட்டைக் கட்டினார். அங்கே வடக்குத் துறைமுகத்தில் மனைவி புஷ்பம் அக்கா, புருஷன் உயிரோடு வருகிறாரா என்றுகூடத் தெரியாமல், கரையில் காத்துக்கொண்டு நின்றாவாம். தவறணையில் கச்சேரியை எப்போதும் அந்த மெட்டோடுதான் முடிப்பார். சொற்கள் கிடையாது. குழாய் மெல்ல மெல்ல மேலே ஏறி, உச்சியில் நின்று நடுங்கி, பிறகு படிப்படியாக இறங்கி வரும். நாங்கள் அதைக் கப்பல் பாட்டு என்போம். அது தொடங்கினால் நான் கத்தியைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆனால் அந்தப் பாட்டுக்கு உரியவ அதைக் கேட்டதில்லை. கொழும்பில் அவர் வாசித்த காலமெல்லாம் புஷ்பம் அக்கா யாழ்ப்பாணத்தில் தகப்பன் வீட்டில். இங்கே வந்த பிறகு வாசிப்பதோ தவறணையில். “குடிக்கிற இடத்திலை எனக்கென்ன வேலை?” என்று அவ வாசற்படி மிதிக்கவில்லை. வீட்டில் வாசிக்கலாமே என்று கேட்பீர்கள். மேல்வீட்டுக்காரன் பொலிசைக் கூப்பிட்ட நாளிலிருந்து அவர் கிற்றாரை ஒலிபெருக்கிப் பெட்டியில் கொழுவாமல்தான் பழகுவார். மின்சாரம் இல்லாத கிற்றாரில் கேட்பது நகம் வெட்டுகிற சத்தம்தான்.

“உவர் என்னத்தைத்தான் சுரண்டுறாரோ தெரியேல்லை” என்பா புஷ்பம் அக்கா.

“ஒருநாளைக்கு இவளுக்கு ஒழுங்கா வாசிச்சுக் காட்டவேணும் தம்பி” என்பார் அண்ணை. அவர் என்னிடம் சொன்ன ஒரே ஆசை அது.

பிறகு ஓர் ஆங்கிலப் பேப்பரில் அவருடைய படம் வந்தது. வெள்ளைக்காரன் படம் போட்டால்தானே எங்கள் ஆட்களுக்குக் கண் திறக்கும்! ஊர்ச் சங்கம் கூடி, ஸ்காபரோவில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஞாயிறு பின்னேரம் பாராட்டு விழாவும் அவருடைய இசை நிகழ்ச்சியும் என்று நோட்டீஸ் அடித்தது. அண்ணை மூட்டைமேல் இருந்துகொண்டு, “தம்பி, பள்ளிக்கூடம். இவள் வாறாளாம்” என்றார். சொல்லிக்கொண்டே, பூசிய கைக்கே மறுபடி பவுடர் பூசினார்.

ஒலிபெருக்கிப் பெட்டியை என் காரில்தான் கொண்டுபோனோம். புஷ்பம் அக்கா கூறைப்பட்டு மாதிரி ஒரு சிவப்புச் சேலையில் முதல் வரிசையில் இருந்தா. அண்ணையை மேடை நடுவில், மடியில் கிற்றாரோடு இருத்தினார்கள். எங்கள் விழாவல்லவா, தொடங்கும்போதே நன்றாகப் பிந்திவிட்டது. மங்கள விளக்கு, வரவேற்பு நடனம், தலைவர் உரை. பிறகு வாழ்த்துரைகள். ஒரு சங்கத்தைப் பேசவிட்டு மற்றச் சங்கத்தை விட்டால் அடுத்த கிழமை சங்கம் இரண்டாக உடையும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு பேச்சு, பேச்சுக்கொரு பொன்னாடை. போர்த்தப் போர்த்த கிற்றார் மறைந்துகொண்டு போனது. அண்ணை கைகளை மட்டும் வெளியே எடுத்துவிட்டு, மரியாதைக்குக் கிற்றாரின் சத்தத்தைப் பூச்சியத்தில் வைத்துக்கொண்டு இருந்தார். நான் மண்டபத்தின் பின்பக்கம், தின்பதற்கு ரோல்ஸ் வைத்த மேசையடியில் மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்து நின்றேன். ‘நரம்பிசைச் சக்கரவர்த்தி’ என்று பட்டம் வாசித்து முடிக்கவும், பள்ளிக்கூடத்துக் காவலாள் சாவிக்கொத்தோடு வந்து லைற்றை அணைத்து அணைத்துப் போடவும் சரியாக இருந்தது.

செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “நேரமின்மை காரணமாக, சக்கரவர்த்தி அவர்களின் இசை அடுத்த விழாவில் இடம்பெறும்.”

சனம் கைதட்டியது. எனக்கு வந்த ஆத்திரத்தில் ரோல்ஸ் தட்டைத் தூக்கி எறிந்திருப்பேன். எறியவில்லை, காலித் தட்டைக் கழுவினேன். காரில் பின்னால் இருந்து அக்கா பொன்னாடைகளை மடித்தபடி, “நல்ல மரியாதை செய்தவை” என்றா. அண்ணை கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “ஓமோம். அடுத்தமுறை வாசிப்பம்” என்றார்.

அந்தப் பனிக்காலமே அவருக்குப் பாரிசவாதம் வந்தது. இடது பக்கம் விழுந்துவிட்டது. அக்கா குழாய்த் துண்டை எடுத்து விரலில் மாட்டிவிடுவா. அது கழன்று கட்டிலுக்குக் கீழே உருண்டு போகும், அக்கா குனிந்து எடுத்து மறுபடி மாட்டுவா. அதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. பிறகு அவர் அதிக காலம் இருக்கவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பின்னேரம், வந்தவர்கள் போன பிறகு, அக்கா என்னை மறித்தா. டெக்கில் ஒரு கசெற்றைப் போட்டா. விழாவுக்கு எடுத்த வீடியோ. தலைவர் முழங்கிக்கொண்டிருந்தார். பின்னால் பொன்னாடைக் குவியலுக்குள் அண்ணை.

“தம்பி, அவரின்ரை கையைப் பாரும். அண்டைக்கு முன்னாலை இருந்து பாக்கேக்கை, மேடைப் பதகளிப்பிலை விரலை ஆட்டுறார் எண்டுதான் நினைச்சனான். இப்ப பாத்தா ஆட்டுற மாதிரித் தெரியேல்லை.”

கிட்டப் போய் இருந்து பார்த்தேன். குழாய் மெல்ல மேலே ஏறியது. உச்சியில் நின்று நடுங்கியது. பிறகு படிப்படியாக இறங்கியது. பேச்சு முடியப் போவதில்லை என்பது அவருக்கு அங்கேயே விளங்கியிருக்கவேண்டும். திரையில் அந்தக் கையைத் தொட்டுக் காட்டினேன்.

“அக்கா, உது கப்பல் பாட்டு. உங்களுக்கு எண்டு கட்டினது.”

அக்கா கசெற்றைப் பின்னுக்கு ஓடவிட்டு, தலைவரின் சத்தத்தை முற்றாக நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து பார்த்தா. “அப்ப அவர் வாசிச்சவர்தான்” என்றா. கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

இப்போது தவறணை இருந்த இடத்தில் கைத்தொலைபேசி விற்கிறார்கள். அந்த மண்டபத்தை இடித்துவிட்டார்கள். அக்கா மார்க்கம் நகரில் மகனோடு போயிருந்து, அங்கேயே கண்ணை மூடினா. டெக் என்ற சாமானே வீடுகளில் இல்லை. கசெற் பூஞ்சணம் பிடித்துவிட்டதென்று மகன் குப்பையில் போட்டிருக்கிறான். அவனில் பிழையில்லை, அதில் பேச்சு மட்டும்தானே இருந்தது.

அன்றைக்கு விட்பியில் பவுடர் மணத்தோடு பேரனை என் தோளில் போட்டார்கள். தூங்கவைக்கக் கப்பல் பாட்டை முணுமுணுத்துப் பார்த்தேன். எனக்குப் பாட வராது, ஆனாலும் அது மெல்ல மெல்ல மேலே ஏறி, நடுங்குகிற இடம்வரை வந்தது. அங்கிருந்து எப்படி இறங்கி வரும் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது. கேட்டுச் சரிபார்க்க இனி ஒருவரும் இல்லை.